தூசியண்ணன் பூசிய நாற்பது கேக் பாப்புகள்

கார்களுக்கு வண்ணம் அடிக்கும் பட்டறையில் அவருடைய பெயரைக் கேட்டால் பாதிப் பேருக்குத் தெரியாது. தூசியண்ணன் என்றால்தான் கை நீட்டிக் காட்டுவார்கள். முப்பது வருடமாக அவர் வாயிலிருந்து அதிகம் வந்த சொல் அதுதான். பெயிண்ட் ஈரமாக இருக்கும்போது யாராவது கதவைத் திறந்தால் "தூசி!" என்பார். யாராவது தும்ம வாயெடுத்தால் "தூசி!" என்பார். முதலாளியின் மாமியார் ஒருமுறை பட்டறையைச் சுற்றிப் பார்க்க வந்து, முகம் துடைக்கக் கைக்குட்டையை உதறினார். தூசியண்ணன் போட்ட கூச்சலில் அந்த அம்மாள் கைக்குட்டையை அங்கேயே விட்டுவிட்டுப் போனார். முதலாளி ஒரு வார்த்தை கேட்கவில்லை. அன்றைக்கு அந்தக் காரின் பானெட்டில் முகம் பார்த்துத் தலை வாரலாம் போல இருந்தது.

வீட்டிலும் ஆள் அப்படித்தான். பிரிட்ஜ், அலமாரி, கேஸ் சிலிண்டர், மகளின் சைக்கிள் என்று எதன்மேலும் கீறல் இருக்க விடமாட்டார். பட்டி பார்த்து, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, இரண்டு கோட் அடித்துவிட்டுத்தான் சாப்பிட உட்காருவார். பதினைந்து நாளுக்கு முன் பஸ்ஸிலிருந்து இறங்கும்போது விழுந்து அவர் மனைவிக்கு வலது மணிக்கட்டு முறிந்தது. மாவுக்கட்டுப் போட்டு அனுப்பினார்கள். அதன் சொரசொரப்பை அவரால் இரண்டு நாள்தான் பொறுக்க முடிந்தது. மூன்றாம் நாள் மனைவி தூங்கி எழுந்தபோது கட்டு வழவழவென்று வெள்ளிச் சாம்பல் நிறத்தில் மின்னியது. அடுத்த முறை போனபோது டாக்டர் அதைத் தட்டிப் பார்த்தார்.

"எந்த ஆஸ்பத்திரிம்மா இது?"

"எங்க வீட்டுக்காரர் டாக்டர்," என்றார் மனைவி, தலையைக் குனிந்துகொண்டு.

இப்படிப்பட்டவர் அடித்த வண்ணத்தில் ஒருவர் குறை கண்டுபிடித்தார். அதுவும் வெளியாள் இல்லை, அவருடைய சொந்த அக்காவின் கணவர். பஸ் டிப்போவில் நேரம் குறிக்கும் வேலையில் இருந்தவர். எட்டு பத்துக்குக் கிளம்ப வேண்டிய வண்டி எட்டு பதினொன்றுக்குக் கிளம்பினால் அன்றைய சோறு அவருக்கு இறங்காது. மூன்று வருடத்துக்கு முன் அவருடைய பச்சைக் காரின் பின் கதவு ஒன்று கேட்டில் உரசி நசுங்கியது. மச்சான் இருக்கும்போது வெளியில் எதற்குப் போக வேண்டும் என்று பட்டறைக்குக் கொண்டுவந்தார். கதவு புதுசு போல ஆயிற்று. எடுத்துக்கொண்டு போனவர் அன்று சாயந்திரமே திரும்பி வந்தார்.

"மச்சான், கதவு வேற கலரு."

"அதே கலர்தான் மாமா."

"வெயில்ல வந்து பாரு. வேற."

பட்டறையே வந்து பார்த்தது. டிங்கர் பார்த்தார், முதலாளி பார்த்தார், டீ கொண்டுவந்தவர்கூடப் பார்த்தார். ஒருவர் கண்ணுக்கும் வித்தியாசம் தெரியவில்லை. தூசியண்ணனுக்குச் சுள்ளென்று ஏறியது, வெயிலுக்குப் போய்ப் பார்க்கவே இல்லை.

"கதவுல ஒண்ணும் இல்ல மாமா. கோளாறு உங்க கண்ணுல. டாக்டர்கிட்ட காட்டுங்க."

மாமா காட்டினார். மறுநாள் காலையிலேயே போய் இரண்டு கண்ணையும் சோதித்து, குறை ஒன்றும் இல்லை என்று எழுதி வாங்கி, அதன் நகலைத் தபாலில் மச்சானுக்கு அனுப்பிவிட்டு, அசலுக்கு லேமினேஷன் போட்டுக் காரின் முன்கண்ணாடிக்குக் கீழே வைத்துக்கொண்டார். போக்குவரத்துக் காவலர்கள் அதை ஏதோ அரசாங்க அனுமதி என்று நினைத்து வழிவிட்டார்கள். அத்தோடு இரண்டு வீட்டுக்கும் போக்குவரத்து நின்றது. அக்கா தன் கணவர் பக்கம் நின்றார். மூன்று வருடம் தம்பியோடு ஒரு வார்த்தை பேசவில்லை.

அந்த அக்காவிடமிருந்துதான் இப்போது மகளின் போனுக்குச் செய்தி வந்திருந்தது. நூலக வேலையிலிருந்து ஓய்வு பெறுகிறார்; ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்கு வீட்டில் தேநீர் விருந்து; எல்லோரும் வர வேண்டும். உன் அம்மா கேக் நன்றாகச் செய்வாள், அதனால் குச்சியில் செருகிய அந்தக் கேக் உருண்டை நாற்பது அவள் கையால் வேண்டும். மேசைவிரிப்பின் நிறத்தில் இருக்க வேண்டும், துணித்துண்டு அனுப்பியிருக்கிறேன். கடைசி வரியை மகள் இரண்டு முறை படித்துக் காட்டினாள்.

"'நாற்பதும் ஒரே கலர்ல இருக்கணும்னு உன் மாமா சொல்லச் சொன்னார்.'"

தூசியண்ணன் முகத்தில் ஈயாடவில்லை.

"என்னங்க பண்றது?" என்றார் மனைவி. "நான் கேக் பண்ணுவேன், கேக் பாப் பண்ணினதே இல்ல. இப்போ கையும் இல்ல. கை உடைஞ்சிருச்சுன்னு சொன்னா, மூணு வருஷம் கழிச்சு ஒண்ணு கேட்டோம், உடனே கை உடைஞ்சிருச்சாம்னு அண்ணி நினைப்பாங்க."

"கட்டைப் போட்டோ எடுத்து அனுப்பலாமே," என்றாள் மகள்.

"எதை, இதையா? காரோட கதவுப்பிடியை எடுத்து அனுப்பியிருக்கோம்னு சொல்லுவார் உங்க மாமா."

தூசியண்ணன் அந்தத் துணித்துண்டை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். இளம் ஊதா. இதைச் சரியாகச் செய்துவிட்டால் அக்கா வீட்டு வாசல் திறக்கும். தவறினால் இனி எந்த ஜென்மத்திலும் திறக்காது.

"நான் பண்றேன்," என்றார்.

மனைவியும் மகளும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

சனிக்கிழமை மகள் கேக்கைச் சுட்டு வைத்தாள். ஞாயிறு காலை ஆறு மணிக்கு மனைவி சமையலறையில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, மின்னும் கையை நீட்டி நீட்டி உத்தரவு போட ஆரம்பித்தார். கேக்கைத் தூளாக உதிர்க்க வேண்டும், கிரீம் சேர்த்துப் பிசைய வேண்டும், உருட்ட வேண்டும், குளிர வைக்க வேண்டும். பிறகு குச்சியின் நுனியை உருக்கிய சாக்லேட்டில் தொட்டு உருண்டைக்குள் செருக வேண்டும்.

"குச்சிக்கு எதுக்குச் சாக்லேட்டு?"

"அப்பத்தான் பிடிச்சுக்கும். இல்லேன்னா உருண்டை கழண்டு விழும்."

அவர் முகம் மலர்ந்தது. "பிரைமர்! இதை முதல்லயே சொல்ல வேண்டியதுதானே!"

அதற்குப் பிறகு அவருக்கு எல்லாமே விளங்கிவிட்டது. அதுதான் தொல்லையாகப் போயிற்று. நாற்பது உருண்டைகளையும் தராசில் நிறுத்து உருட்டினார். உருட்டியதைக் கண்ணுக்கு நேரே பிடித்துச் சுழற்றிப் பார்த்தார். மேலெல்லாம் சின்னச் சின்னக் குழிகள்.

"இது மேல கோட் அடிச்சா குழி குழியா தெரியும். பட்டி பார்க்கணும்."

"பட்டியா! சாப்பிடற பொருளுங்க!"

"உன் கிரீம்தான் பட்டி. பயப்படாதே."

ஒரு பிளாஸ்டிக் தகட்டால் நாற்பதுக்கும் கிரீமால் பட்டி பார்த்தார். காய்ந்ததும் சட்டைப் பையிலிருந்து எதையோ எடுத்தார். மகள்தான் முதலில் பார்த்தாள்.

"அம்மா! உப்புத்தாள்!"

"புதுசு. கழுவிக் காய வச்சது," என்றார் அவர். "ஆயிரம் நம்பர். தோல்ல தேய்ச்சாக்கூட வலிக்காது."

"அந்தத் தாள் ஒரு உருண்டையைத் தொட்டாலும் நான் எங்கம்மா வீட்டுக்குப் போயிடுவேன்."

"ஸ்ப்ரே கன்னாவது..."

"அது வாசப்படி ஏறினா இவளையும் கூட்டிட்டுப் போயிடுவேன்."

உப்புத்தாள் பைக்குள் போயிற்று. உள்ளங்கையால் தேய்த்தே வழவழப்பாக்கினார். ஒவ்வொன்றுக்கும் ஆறு நிமிடம். நடுவில் மகள் குளித்து, சாப்பிட்டு, ஒரு பாடம் படித்து முடித்துவிட்டு வந்து பார்த்தபோது இருபத்தேழாவது உருண்டை நடந்துகொண்டிருந்தது.

அடுத்தது வண்ணம். வெள்ளைச் சாக்லேட்டை உருக்கினார்கள். மனைவி அலமாரியைக் காட்ட, அவர் அங்கிருந்த ஊதா வண்ணப் பாட்டிலை எடுத்து இரண்டு துளி விட்டுக் கலக்கினார். கண்ணெதிரே சாக்லேட் சுருங்கி, திரண்டு, மூடாமல் விட்ட பட்டி டப்பா போலக் கட்டியாகிவிட்டது. கரண்டி நட்டுக்கொண்டு நின்றது.

"எந்தப் பாட்டில் எடுத்தீங்க? சாக்லேட்டுக்குத் தண்ணியே ஆகாது. எண்ணெய்ல கரைச்ச கலர்தான் ஊத்தணும், அது பக்கத்துப் பாட்டில்!"

அவர் தலையில் அடித்துக்கொண்டார். "எண்ணெய்ப் பெயிண்ட்ல தண்ணி ஊத்திட்டேனே. பட்டறைல எவனாவது இதைப் பண்ணியிருந்தா அன்னிக்கே வெளிய அனுப்பியிருப்பேன்."

இரண்டாவது தடவை எண்ணெய்க் கலர். ஊதா வரவில்லை, அழுக்குச் சாம்பல் வந்தது. மனைவியும் மகளும் முழித்தார்கள். அவர் மட்டும் சிரித்தார். வெள்ளைச் சாக்லேட் என்பது பெயரளவில்தான் வெள்ளை. உள்ளே மஞ்சள் ஒளிந்திருக்கிறது, அதுதான் ஊதாவைக் கொல்கிறது என்று சொல்லி, வெள்ளை நிறம் கொஞ்சம், நீலம் ஊசிமுனையளவு என்று சேர்த்தார். ஒரு தட்டில் சொட்டு விட்டு, துணித்துண்டோடு மாடிக்கு ஓடினார். வெயிலில் பார்த்தார், நிழலில் பார்த்தார், தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் ஒளிந்து பார்த்தார். ஒன்பதாவது முறை இறங்கி வந்தபோது மூச்சு வாங்கியது, ஆனால் நிறம் அச்சு அசல். துணியின்மேல் சொட்டை வைத்தால் சொட்டைக் காணவில்லை.

"நாற்பதுக்கும் இதே பாத்திரம்தான்," என்றார். "நடுவுல இன்னொரு பாத்திரம் கலக்கவே கூடாது. எமகாதகன் கலந்தாலும் ரெண்டாவது பாத்திரம் ஒரு மயிரிழை மாறும்."

பூசுவதற்கு முன் அவர் பட்டறை வழக்கப்படி ஏற்பாடுகளைச் செய்தார். மின்விசிறி நின்றது. ஜன்னல்கள் மூடின. சமையலறைத் தரை முழுக்கத் தண்ணீர் ஊற்றினார். தரை ஈரமாக இருந்தால் தூசி எழும்பாது. வாசலிலும் ஜன்னலிலும் படுக்கை விரிப்புகளை நனைத்துத் தொங்கவிட்டார். மனைவிக்கு முகக்கவசம். மகளின் தலைக்குக் குளியல் தொப்பி. இருவரையும் காலை மேலே தூக்கிவைத்து நாற்காலியில் உட்காரச் சொன்னார்.

"அசையக் கூடாது. பேசறதா இருந்தா சுவரைப் பார்த்துப் பேசுங்க."

"மூச்சு?" என்று மகள் சுவரைப் பார்த்துக் கேட்டாள்.

"மெதுவா விடு."

குளிர்ந்த உருண்டைகளை வெளியே எடுத்துவைத்துப் பூச ஆரம்பித்தார். முக்கி, தூக்கி, மணிக்கட்டில் தட்டி வழிசலை உதறி, தெர்மாகோல் பலகையில் அளந்து போட்ட துளைகளில் நட்டார். கை அழகு பார்க்க வேண்டியதுதான். ஒரு ஒழுகல் இல்லை, ஒரு திட்டு இல்லை. முப்பத்து நான்கு முடிந்தது. முப்பத்தைந்தாவதை நட்டுவிட்டுத் திரும்பினார். அண்ணனின் கால்சட்டையைப் போட்ட தம்பிக்கு அது இடுப்பில் நிற்காதது போல, அதன் பூச்சு அப்படியே கழன்று குச்சி வழியாகக் கீழே இறங்கியது. முப்பத்தாறும் இறங்கியது. தட்டில் மிச்சமிருந்த உருண்டைகளைத் தொட்டுப் பார்த்தார். ஒவ்வொன்றின் மேலும் முத்து முத்தாக வியர்வை.

"வேர்க்குதுங்க," என்றார் மனைவி. அவருக்கும் வேர்த்துக்கொண்டிருந்தது. "ஜில்லுனு இருக்கறதை இந்தக் குளத்துக்குள்ள கொண்டுவந்து வச்சா வேர்க்காம என்ன பண்ணும்? வீடு முழுக்கத் தண்ணி. தண்ணியே ஆகாதுன்னு இப்பத்தானே சொன்னேன்!"

மழைக்காலத்தில் பெயிண்ட் ஏன் ஈரம் பட்டு வெளிறிப் பூத்துப் போகிறது என்று முப்பது வருடமாக மற்றவர்களுக்கு விளக்கியவர் அவர். விரிப்புகளைப் பிடுங்கினார், ஜன்னல்களைத் திறந்தார், மின்விசிறியை முடுக்கினார். குப்புற விழுந்து தரையைத் துடைத்தார். முதல் முப்பத்து நான்கும் தப்பின. கடைசி ஆறையும் துடைத்துவிட்டுத்தான் பூச வேண்டும். பாத்திரத்தில் மிஞ்சியிருந்தது தண்ணீர் பட்டுக் கட்டியாகிவிட்டது.

மணி மூன்று.

"இன்னொரு பாத்திரம் கலக்கித்தான் ஆகணும்," என்றாள் மகள், மெல்ல.

அவர் கலக்கினார். மாடிக்கு ஓடினார். வெயில் மேகத்துக்குள் போயிருந்தது. அவர் மூன்று தடவை போயும் வெயில் வெளியே வரவில்லை. கடைசியில் விளக்கு வெளிச்சத்திலேயே பார்த்து, பல்லைக் கடித்துக்கொண்டு பூசினார். காய்ந்ததும் ஆறையும் முப்பத்து நான்கின் பக்கத்தில் வைத்தார்.

"அச்சு அசல்!" என்றார் மனைவி.

"ஒண்ணும் தெரியலப்பா," என்றாள் மகள்.

அவருக்குத் தெரிந்தது. ஆறிலும் ஒரு மயிரிழை சாம்பல். அந்த ஆறையும் பலகையின் பின்வரிசையில், இடது ஓரத்தில், ஒன்றாகச் சேராமல் பிரித்து நட்டார்.

அக்கா வாசலிலேயே நின்றிருந்தார். தம்பியைப் பார்த்து "வாங்க," என்றார், கேஸ் இணைப்பு பார்க்க வந்தவரிடம் சொல்வது போல. தம்பி மனைவியின் கையிலிருந்த கட்டைப் பார்த்ததும்தான் முகம் மாறியது.

"அய்யய்யோ, என்னம்மா ஆச்சு? அப்போ இதெல்லாம் யாரு பண்ணினது?"

"உங்க தம்பிதான் அண்ணி."

கூடம் நிறைய நூலகத்து ஆட்கள். பலகையை மேசையில் வைத்ததும் ஒரு ஆஹா எழுந்தது. விரிப்பும் உருண்டைகளும் ஒரே நிறம். தூரத்திலிருந்து பார்த்தால் மேசையிலிருந்து முளைத்தவை போல இருந்தன. "கடையில வாங்கினதா?" என்று ஒருவர் கேட்டார். "மெஷின்ல பண்ணினதா?" என்று இன்னொருவர் கேட்டார். தூசியண்ணனின் கண் மாமாவின் மேல் இருந்தது.

மாமா மேசையருகே வந்தார். குனிந்தார். ஒன்றைத் தொட்டு அவர் கை நின்றது. பிறகு பின்வரிசைக்குப் போய் ஒரு குச்சியை உருவி, ஒரு தட்டில் வைத்தார். இன்னொன்று. அதைத் தாண்டி, இரண்டை விட்டு, இன்னொன்று. இப்படி ஆறு குச்சிகள் தட்டுக்கு வந்தன.

"ஆரம்பிச்சுட்டீங்களா?" என்றார் அக்கா, பல்லுக்கிடையில். "இன்னிக்கு என் நாளு."

"இந்த ஆறும் வேற கலரு," என்றார் மாமா.

"எல்லாம் ஒண்ணுதான் அண்ணா!" என்று மனைவி கையை ஓங்கிவிட்டார். வெள்ளிக் கட்டு பளபளத்தது. "காலைலேர்ந்து மனுஷன் உயிரைக் குடுத்துப் பண்ணியிருக்காரு!"

"மாமா, எனக்கு ஒரு வித்தியாசமும் தெரியல," என்றாள் மகள்.

நூலகத்தார் ஒவ்வொருவராக வந்து பார்த்தார்கள். ஒன்றேதான் என்றார்கள். ஒருவர் மாமாவின் தோளைத் தொட்டு, "வயசாச்சுன்னா கண்ணு இப்படித்தான் சார்," என்று ஆறுதல் சொன்னார். அக்கா தன் கணவரை ஒரு பார்வை பார்த்தார். மூன்று வருடத்தில் முதல் தடவையாக அந்தப் பார்வை தம்பியின் பக்கம் சாய்ந்திருந்தது. தூசியண்ணன் வாயைத் திறக்காமல் நின்றாலே போதும். அக்காவும் கிடைப்பார், ஊரும் மாமாவைத்தான் பைத்தியம் என்று சொல்லும்.

அவர் தட்டின் அருகே போய் எண்ணினார். ஒன்றுகூட விடுபடவில்லை, ஒன்றுகூடக் கூடுதலில்லை.

"ஆறுதான்," என்றார். "சரியா ஆறு. இது ரெண்டாவது பாத்திரம்."

மனைவி அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

"எப்படி மாமா கண்டுபிடிச்சீங்க? சாம்பல்தானே?" என்றார் தூசியண்ணன்.

"சாம்பல்தான். அதோட லேசா ஒரு நோயாளித்தனம்."

"நீலம் பத்தல," என்றார் தூசியண்ணன். முப்பது வருடத்தில் பட்டறையில் ஒருவர்கூட, முதலாளிகூட, அவர் பார்ப்பதைப் பார்த்ததில்லை. "வெயில் இல்ல மாமா. விளக்குல பார்த்து அடிச்சேன்."

"கதவும் விளக்குலதானே அடிச்சே?"

தூசியண்ணன் தட்டோடு வாசலுக்கு நடந்தார். மாமா பின்னாலேயே போனார். வெயில் இப்போது வெளியே வந்து, பச்சைக் காரின் மேல் சாய்வாக விழுந்துகொண்டிருந்தது. தூசியண்ணன் குந்தி உட்கார்ந்து ஒரு கண்ணை மூடிப் பார்த்தார். எழுந்து இரண்டு அடி தள்ளி நின்று பார்த்தார்.

"மஞ்சள் ஒரு சொட்டு தூக்கல்," என்றார். "தப்பு என்னோடது மாமா. கண்ணுன்னு சொல்லியிருக்கக் கூடாது. நாளைக்கே கொண்டுவாங்க, கழட்டி அடிச்சுத் தர்றேன்."

மூன்று வருடமாக இந்த வார்த்தைக்குக் காத்திருந்த மாமாவுக்கு அது வந்ததும் என்ன செய்வதென்று தெரியவில்லை. ஒரு கேக் பாப்பை எடுத்துக் கடித்தார். மென்றார்.

"வேண்டாம். கடை வாசல்ல நூறு வண்டி நிக்கும். இந்தக் கதவை வச்சுத்தான் நான் என் வண்டியைக் கண்டுபிடிக்கிறேன்." பையிலிருந்து ஒரு சின்ன நோட்டை எடுத்தார். "அதை விடு. இந்தத் தெருவுல மட்டும் ஒன்பது வண்டி கலர் பொருந்தாம இருக்கு மச்சான். ஒருத்தன் நம்ப மாட்டேங்கறான். எதிர் வீட்டு வெள்ளை, முன் பம்பர். பாரு."

பார்த்தார். "ஆமா. பம்பர்ல ஊதா ஓடுது."

"ஊதா! நான் நீலம்னு எழுதி வச்சிருக்கேன்." பேனாவை எடுத்துத் திருத்தினார். "மூணாவது வீட்டுச் சிவப்பு, டிக்கி."

இருவரும் ஆளுக்கொரு குச்சியைப் பிடித்துக்கொண்டு சிவப்புக் காரைச் சுற்றி வந்தார்கள். தூசியண்ணன் டிக்கிக்கு முன்னால் வெகுநேரம் நின்றார்.

"யாரு அடிச்சதுன்னு தெரியுமா?" என்றார் மாமா.

"நான்தான்."

மாமா நோட்டில் ஒரு சின்னப் புள்ளி வைத்தார்.

"டேய்!" அக்கா வாசலுக்கு வந்துவிட்டார். "வந்தவங்க எல்லாம் உன்னைத்தான் கேக்கறாங்க, யாரோட வண்டியை மோந்து பார்த்துட்டிருக்கே? உள்ள வாடா! அவரையும் இழுத்துட்டு வா!"

"இதோ வந்துட்டோம்க்கா," என்றார் தூசியண்ணன். மாமா ஐந்தாவது வீட்டு நீல வண்டியை நோட்டால் சுட்டிக் காட்டினார். இருவரும் அந்தப் பக்கம் நடந்தார்கள்.